புதர் மண்டிய நிலத்தைக் கட்டடத்துக்குத் தயார்செய்தல்: எந்த இடத்துக்கு எந்தக் கருவி?

பல ஆண்டுகளாகக் கவனிப்பாரற்றுக் கிடந்த நிலத்தில் வீடு கட்ட நினைப்பவர் முதன்முறையாக அதன் ஓரத்தில் நிற்கும்போது, ஆளுயரப் புல்லும் முட்புதரும் பின்னிப் படர்ந்த கொடியும் மட்டுமே கண்ணில் படும். காடு அடர்ந்திருந்தால் பெரிய எந்திரம், கொஞ்சமாக இருந்தால் அரிவாள் என்று அந்தப் பார்வையிலேயே முடிவு செய்துவிடுகிறோம். இந்த முடிவு பெரும்பாலும் பொருந்துவதில்லை. ஆளுயரம் வளர்ந்த புல்லை, தோளில் மாட்டிக்கொண்டு நுனியில் சுழலும் நூலாலோ தகட்டாலோ வெட்டும் பிரஷ் கட்டர் ஒன்றே வெட்டிச் சாய்த்துவிடும். ஆனால் முழங்கால் உயரம்கூட இல்லாத, பலமுறை வெட்டப்பட்டு மீண்டும் மீண்டும் துளிர்த்த ஒரு சீமைக்கருவேல அடிக்கட்டையை வேரோடு எடுக்கச் சில டன் எடையுள்ள எந்திரம் தேவைப்படலாம்.

ஆகவே கருவியைத் தீர்மானிக்க வேண்டியது தரைக்கு மேலே தெரியும் பச்சை அல்ல. அந்த இடத்தில் மண்ணுக்குள் என்ன இருக்கிறது, அந்த இடத்தின்மேல் என்ன வரப்போகிறது என்ற இரண்டு கேள்விகளுக்கு விடை தெரிந்தால் கருவி ஏறக்குறையத் தானாகவே அமைந்துவிடும். விடை தெரியாமல் எந்திரத்தை உள்ளே இறக்கினால், முதல் நாளில் நிலம் வெட்டவெளியாகிவிட்ட மகிழ்ச்சி கிடைக்கும். அடித்தளம் தோண்டும் நாளில் புதைந்த கட்டைகளும், கலைந்து போன மண்ணும், காணாமற்போன எல்லைக்கற்களும் ஒவ்வொன்றாகத் தெரியவரும்.

முதலில் நடந்து பார்க்க வேண்டும்

நிலத்துக்குள் நுழையவே முடியாத நிலையில், கைக்கருவியால் ஆள் நடக்கும் அகலத்தில் சில தடங்களை மட்டும் வெட்டிக்கொள்ளுங்கள். எல்லையை ஒட்டி ஒரு தடம், குறுக்கும் நெடுக்குமாக இரண்டு தடங்கள் இருந்தால் போதும். முழங்கால் வரை உயர்ந்த காலணியும் தடித்த முழுக்கால் சட்டையும் அணிந்து, நீண்ட கழியால் முன்னே தட்டிக்கொண்டு நடக்க வேண்டும். பாம்பு பெரும்பாலும் அதிர்வை உணர்ந்து விலகிவிடும். குளவிக்கூடும் தேன்கூடும் விலகாதவை என்பதால், கண்ட இடத்தில் அடையாளத் துணி கட்டிவைத்து, வேலை தொடங்கும் முன் அனுபவமுள்ளவரைக் கொண்டு அகற்றிவிடுவது நல்லது. செயின்சா என்ற சங்கிலி ரம்பத்தின் ஓசையும் எந்திரத்தின் அதிர்வும் அவற்றைக் கலைத்துவிட்ட பிறகு ஓட இடமிருக்காது.

நடக்கும்போது தேட வேண்டியவற்றில் முதலாவது எல்லைக்கற்கள். எந்திரத்தின் ஒரே அசைவில் அவை பெயர்ந்தோ புதைந்தோ போய்விடும். பிறகு அண்டை நிலத்தாரோடு வரும் வழக்கு, காடு வெட்டிய செலவைவிடப் பெரியதாகிவிடும். ஒவ்வொரு கல்லையும் கண்டுபிடித்து, சுற்றிலும் உயரமான கழிகளை நட்டு, தொலைவிலிருந்தே தெரியும்படி பளிச்சென்ற நாடாவைக் கட்டி, நிழற்படமும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கல் கிடைக்காவிட்டால் அளவையாளரை வரவழைத்து எல்லையைக் குறித்த பிறகே வெட்டத் தொடங்க வேண்டும்.

அடுத்தது மறைந்திருக்கும் பள்ளங்கள். தூர்ந்த கிணறு, கழிவுநீர்த் தொட்டி, பழைய அடித்தளம் ஆகியவற்றின்மேல் கொடி படர்ந்திருந்தால், மேலே ஏறும் வரை எதுவும் தெரியாது. ஒரே இடத்தில் மட்டும் செடி மிகச் செழிப்பாகவோ வேறு வகையாகவோ வளர்ந்திருந்தால் சந்தேகப்பட்டு, கடப்பாரையால் குத்திப் பாருங்கள். நிலத்தடி மின்கம்பி, குடிநீர்க் குழாய், எரிவாயுக் குழாய் போன்றவை அந்த வழியாகச் செல்கின்றனவா என்பதை உரிய அலுவலகங்களில் கேட்டு, அவற்றின் தடத்தைத் தரையில் குறிக்க வேண்டும். தலைக்கு மேலே செல்லும் மின்கம்பியை மறந்துவிடாதீர்கள். எந்திரத்தின் கை எட்டும் இடத்தில் கம்பி இருந்தால், குறைந்த மின்னழுத்தக் கம்பியாக இருந்தாலும் எந்திரத்தின் எந்தப் பகுதியும் 3 மீட்டருக்குள் நெருங்கக் கூடாது. உயர் மின்னழுத்தக் கம்பியாக இருந்தால் இடைவெளி இன்னும் கூட வேண்டும். சரியான தொலைவை மின்சார அலுவலகத்திடமே கேட்டுப் பெற வேண்டும்.

மரம் வெட்டப் பல இடங்களில் முன் அனுமதி தேவை. சில வகை மரங்களைச் சொந்த நிலத்திலும் தொட முடியாது. வெட்டிய மரத்தைத் திரும்ப நிறுத்த எவராலும் முடியாது என்பதால், இந்தக் கேள்விக்கு எழுத்தில் விடை வாங்கிய பிறகே ரம்பத்தைத் தொட வேண்டும்.

நிலத்தை மூன்று பகுதிகளாகப் பிரியுங்கள்

முழு நிலத்தையும் ஒரே எந்திரத்தால் ஒரே விதமாகச் சுத்தம் செய்வதுதான் புதியவர்கள் அதிகம் செலவழிக்கும் இடம். உண்மையில் நிலத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் தேவை வேறு.

முதல் பகுதி, கட்டடம் நிற்கப்போகும் இடமும் அதைச் சுற்றி இரண்டு அல்லது மூன்று மீட்டர் அகலமும். இங்கே தண்டு, வேர், அடிக்கட்டை, மட்கிய மேல்மண் எல்லாமே வெளியேற வேண்டும். இரண்டாவது, வண்டிகள் வந்துபோகும் வழியும் பொருள்களை இறக்கிவைக்கும் இடமும். இங்கே பெரிய கட்டைகளும் வேர்களும் அகன்றால் போதும். மூன்றாவது, மீதி நிலம். தோட்டமாகவோ வெறும் வெளியாகவோ இருக்கப்போகும் அந்தப் பகுதியில் தரைமட்டத்தில் வெட்டினாலே போதும். வேர் மண்ணைப் பிடித்துக்கொண்டிருப்பது அங்கே நன்மையே தவிர இடைஞ்சல் அல்ல. பல நிலங்களில் மூன்றாவது பகுதிதான் பரப்பில் பெரியது. அங்கே கனரக எந்திரம் நுழையவே தேவையில்லை.

காக்க வேண்டிய மரங்களை இப்போதே குறித்துவிடுங்கள். மார்பளவு உயரத்தில் மரத்தின் சுற்றளவை அளந்து 3.14 ஆல் வகுத்தால் விட்டம் கிடைக்கும். அந்த விட்டத்தைப் போல் 12 மடங்கு ஆரத்துக்கு மரத்தைச் சுற்றி வேலி போட வேண்டும். 30 செ.மீ. விட்டமுள்ள மரத்துக்கு இது 3.6 மீட்டர். இந்த வட்டத்துக்குள் எந்திரம் ஓடவோ, மண் கொட்டவோ, செங்கல் அடுக்கவோ கூடாது. அடிமரத்தில் ஒரு கீறல்கூட விழாமல் காத்தாலும், வேர்ப்பகுதி மண் எந்திர எடையில் இறுகிவிட்டால் மரம் சில ஆண்டுகளில் மெல்லப் பட்டுப்போகும்.

கைக்கருவிகள்

புல்லுக்குப் பன்னரிவாள், புதருக்கு வெட்டரிவாள், கட்டைக்குக் கோடரி, வேருக்குக் கடப்பாரையும் மண்வெட்டியும் என்பது எல்லாரும் அறிந்ததே. முட்புதரில் வேலை செய்பவர் இவற்றோடு தொரட்டியும் கவைக்கோலும் வைத்திருக்க வேண்டும். பின்னிக் கிடக்கும் கிளையைத் தொரட்டியால் இழுத்து விலக்கி, அடித்தண்டை வெட்டி, வெட்டியதைக் கவைக்கோலால் தள்ளிக்கொண்டு போனால் முள்ளில் கை படவே படாது. எந்திரம் ஏறமுடியாத பாறை இடுக்கு, எல்லைக்கல்லின் அருகு, காக்க வேண்டிய மரத்தின் அடி, குழாய் செல்லும் தடம் ஆகிய இடங்களில் கைக்கருவிக்கு மாற்று கிடையாது. எவ்வளவு பெரிய எந்திரத்தை அழைத்தாலும் இந்தக் கருவிகளுக்கான ஆள்களையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பிரஷ் கட்டர்

புதிதாக ஒரே ஒரு எந்திரக் கருவியைச் சொந்தமாக வாங்குவதென்றால், அது பிரஷ் கட்டராக இருக்கட்டும் என்பதே என் கருத்து. காட்டை வெட்டி முடித்த பிறகும், கட்டட வேலை நடக்கும் மாதங்களிலும், குடியேறிய பின்னும் அதற்கு வேலை இருக்கும். புல்லும் மெல்லிய செடியும் மட்டுமென்றால் 25 முதல் 35 சிசி வரையுள்ள இன்ஜின் போதும். மரத்தன்மை ஏறிய புதர்கள் இருந்தால் 40 சிசிக்கு மேல் பாருங்கள். புதருக்கு வாங்குவதென்றால் இரு கைகளாலும் பிடிக்கும் அகன்ற கைப்பிடியும் தோள்வாரும் உள்ள வகையையே தேர்வு செய்ய வேண்டும். அந்தக் கைப்பிடி தகட்டுக்கும் காலுக்கும் இடையிலான தொலைவைக் காக்கிறது.

ஒரே கருவியில் முனையை மாற்றுவதால் மூன்று விதமான வேலைகள் நடக்கும். நைலான் நூல் புல்லுக்கு. மூன்று பற்கள் கொண்ட உலோகத் தகடு ஏறக்குறைய 2 செ.மீ. வரை தடித்த புதர்த் தண்டுக்கு. ரம்பப் பற்கள் கொண்ட வட்டத் தகடு அதைவிடத் தடித்த இளமரத் தண்டுக்கு. நூலைக் கொண்டு தண்டை அறுக்க முயன்றால் நூல் தீர்ந்துகொண்டே இருக்கும். ரம்பத் தகட்டைக் கல் மண்டிய புல்லில் ஓட்டினால் பற்கள் மழுங்கிவிடும். எந்தத் தகடு எந்த மாடலுக்குப் பொருந்தும் என்பதைக் கையேட்டில் பார்த்து, அதற்குரிய பாதுகாப்புக் கவசத்தையும் மாற்றிப் பொருத்த வேண்டும்.

பெரும்பாலான பிரஷ் கட்டர்களில் தகடு, மேலிருந்து பார்க்கையில், இடஞ்சுழியாகச் சுற்றுகிறது. அதனால் தகட்டின் முன்புற வலப்பகுதி தடித்த தண்டில் பட்டால் கருவி முழுவதும் வலப்பக்கம் வேகமாக உதைத்துத் திரும்பும். புல்லை வலமிருந்து இடமாக வீசி வெட்டுவதும், தண்டைத் தகட்டின் இடப்பகுதியால் அறுப்பதும் இந்தக் காரணத்தால்தான். கருவி ஓடும்போது 15 மீட்டர் தொலைவுக்குள் வேறு யாரும் நிற்கக் கூடாது. தகட்டில் பட்டுத் தெறிக்கும் கல், பார்த்துக்கொண்டு நிற்பவரின் கண்ணையும் தாக்கக்கூடும். இயக்குபவர் முகத்திரை, அதனுள் கண்ணாடி, காது மூடி, தடித்த காலணி ஆகியவற்றை அணிய வேண்டும். ஓசை 85 டெசிபலைத் தாண்டினாலே காதைக் காக்க வேண்டும் என்பது பொது விதி, இந்தக் கருவிகளோ அதைத் தாராளமாகத் தாண்டுகின்றன. இரண்டு ஸ்ட்ரோக் இன்ஜினுக்குப் பெட்ரோலில் எண்ணெய் கலக்கும் விகிதம் மாடலுக்கு மாடல் மாறும்: 50:1 என்றால் ஒரு லிட்டருக்கு 20 மி.லி., 25:1 என்றால் 40 மி.லி. எண்ணெய் கலக்காத வெறும் பெட்ரோலை ஊற்றினால் இன்ஜின் விரைவில் இறுகி நின்றுவிடும்.

வெட்டப்படும் செடியையும் அறிந்திருக்க வேண்டும். கள்ளிப்பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. பார்த்தீனியம் தோல் அரிப்பையும் மூச்சுத் தொல்லையையும் உண்டாக்கும். அதைப் பூக்கும் முன்பே, உடலை முழுதும் மூடிக்கொண்டு அகற்றுவது நல்லது. கோரையும் மூங்கிலும் நிலத்தடியில் பரவுபவை. கோரை மண்டிய இடத்தில், டிராக்டரில் மாட்டி மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டரை ஓட்டினால் கிழங்குகள் சிதறி, ஒரு திட்டு பத்துத் திட்டுகளாகும்.

செயின்சாவும் மரங்களும்

பிரஷ் கட்டரின் ரம்பத் தகட்டால் அறுக்க முடியாத அளவுக்குத் தடித்த தண்டுக்குச் செயின்சா தேவை. சங்கிலி ஓடும் தகடு, வெட்டப்போகும் தண்டின் விட்டத்தைவிடச் சற்று நீளமாக இருந்தால் வேலை எளிது. சிறு மரம், விழுந்த மரம், கிளை ஆகியவற்றுக்கு 35 முதல் 40 செ.மீ. வரையுள்ள தகடு புதியவர் கையாளக்கூடியது. தகட்டின் மூக்கு நுனியின் மேற்பகுதி எதிலாவது பட்டால், ரம்பம் கண்ணிமைக்கும் நேரத்தில் முகத்தை நோக்கி எழும்பும். அப்போது சங்கிலியை உடனே நிறுத்தும் சங்கிலித் தடை உள்ள கருவியையே வாங்கவோ வாடகைக்கு எடுக்கவோ வேண்டும். தலைக்கவசமும் செயின்சாவுக்கென்றே தயாரிக்கப்பட்ட கால்கவசமும் இல்லாமல் அதைத் தொடக் கூடாது.

நிற்கும் பெரிய மரத்தைச் சாய்ப்பது புதியவரின் வேலை அல்ல என்பதை உறுதியாகச் சொல்வேன். சாய்ந்து நிற்கும் மரம், உள்ளே பொத்தலான மரம், கொடி பிணைத்து அடுத்த மரத்தோடு கட்டிப்போட்டிருக்கும் மரம், மின்கம்பிக்கோ கட்டடத்துக்கோ அருகிலுள்ள மரம் எல்லாவற்றையும் தொழில் தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள். அவர் வேலை செய்யும்போது மற்றவர்கள் மரத்தின் உயரத்தைப்போல் இரு மடங்கு தொலைவில் நிற்க வேண்டும்.

ஆனால் அவரிடம் ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கட்டடப் பகுதியிலுள்ள மரத்தின் வேரை எந்திரத்தால் பிடுங்கப் போகிறோமென்றால், மரத்தைத் தரையோடு வெட்டக் கூடாது. ஒரு மீட்டர் அல்லது ஒன்றரை மீட்டர் உயரத்துக்கு அடிமரத்தை விட்டு வெட்ட வேண்டும். அந்த நிமிர்ந்த கட்டைதான் எந்திரத்துக்கு நெம்புகோல். பக்கவேர்களை அறுத்துவிட்டுக் கட்டையின் உச்சியில் தள்ளினால், ஆழவேர் வரை ஆட்டம் கண்டு வெளியே வரும். தரையோடு வெட்டப்பட்ட கட்டையைச் சுற்றி அகழி தோண்டித்தான் எடுக்க முடியும். நேரமும் கூடும், குழியும் பெரிதாகும். மூன்றாவது பகுதியிலுள்ள மரத்தை மட்டும் தரையோடு வெட்டலாம்.

எந்திரத்தைத் தேர்ந்தெடுத்தல்

ஜேசிபி என்ற பெயரிலேயே பரவலாக அறியப்படும் பேக்ஹோ லோடர், முன்னால் அகலமான பக்கெட்டும் பின்னால் தோண்டும் கையும் கொண்டது. ஏறக்குறைய 8 டன் எடையுள்ள அது டயர்களில் ஓடுவதால் சாலை வழியே தானாகவே வந்து சேரும். 4 மீட்டர் ஆழம் வரை தோண்டும். மண்ணை வாரி லாரியிலும் ஏற்றும். காய்ந்த, சமமான, நடுத்தரப் புதர் மண்டிய நிலத்துக்கு இது ஒன்றே போதும். ஈர மண்ணில் டயர் புதைவதும், பின்கையை இயக்க ஒவ்வொரு முறையும் கால்களை ஊன்றி நிற்க வேண்டியிருப்பதும் அதன் குறைகள். முள் மண்டிய இடத்தில் டயர் பஞ்சராவதையும் எதிர்பார்க்க வேண்டும்.

சங்கிலிச் சக்கரத்தில் ஓடி முழுவட்டமாகச் சுழலும் எக்ஸ்கவேட்டர், வேர் எடுக்கும் வேலைக்குச் சிறந்தது. நின்ற இடத்திலிருந்தே சுற்றிலும் எட்டிப் பிடுங்கி, உதறி, ஒரு பக்கம் குவித்துவிடும். இதில் அளவைத் தேர்ந்தெடுப்பதுதான் முக்கியம். 1.5 டன் சிறிய வகை ஏறக்குறைய ஒரு மீட்டர் அகலமே இருப்பதால் குறுகிய வாயிலிலும் நுழையும். ஆனால் புதர் வேருக்கும் சிறு கட்டைக்கும்தான் அதன் வலு பொருந்தும். 5 டன் வகை 2 மீட்டர் அகலம் இருக்கும். வீட்டு மனை அளவிலான நிலங்களில் பெரும்பாலான கட்டைகளை அது எடுத்துவிடும். 20 டன் வகைக்கு 3 மீட்டர் அகல வழியும், அதைச் சுமந்து வரும் தாழ்தள லாரி திரும்ப இடமும் வேண்டும். பெரிய மரங்கள் பல இருக்கும் நிலத்தில் மட்டுமே அந்தச் செலவு நியாயமாகும். எடை கூடினாலும் இது மண்ணில் எளிதில் புதையாது. அகன்ற சங்கிலி எடையைப் பரப்பிவிடுவதால், 20 டன் எந்திரம்கூட ஒரு சதுர சென்டிமீட்டருக்கு அரை கிலோ அளவுக்குத்தான் அழுத்துகிறது.

எந்திரத்தைப் போலவே அதன் முனையில் மாட்டும் கருவியையும் கேட்டு வாங்குங்கள். சாதாரண பக்கெட்டால் வேரை வாரினால் வேரோடு மண்ணும் சேர்ந்து போகும். விரல் விரலாக இடைவெளி கொண்ட வேர்வாரி மாட்டினால் மண் உதிர்ந்து வேர் மட்டும் வரும். பக்கெட்டுக்கு எதிரே கட்டைவிரல் போல மடங்கும் பிடி இருந்தால், முள்ளையும் கட்டையையும் கைபடாமல் தூக்கி அடுக்கலாம். இந்த இரண்டும் கிடைக்குமென்றால், சற்றுச் சிறிய எந்திரமாக இருந்தாலும் அதையே தேர்வு செய்வேன்.

புல்டோசர் பரந்த நிலத்தை விரைவாகத் தள்ளித் துடைத்துவிடும். கட்டட மனைக்கு அதை நான் பரிந்துரைப்பதில்லை. தகடு செடியோடு மேல்மண்ணையும் சுரண்டி, இரண்டையும் பிரிக்கமுடியாத ஒரே குவியலாக்குகிறது. அந்தக் குவியலைத் தூளாக்கவும் முடியாது, மண்ணாகப் பயன்படுத்தவும் முடியாது. சுழலும் பற்களால் புதரை நின்ற நிலையிலேயே தூளாக்கும் மல்ச்சர், மூன்றாவது பகுதிக்கு மிகப் பொருத்தமானது; தூள் தரையில் மூடாக்காகப் படிந்து மண்ணரிப்பைத் தடுக்கும். ஆனால் வேர் மண்ணிலேயே தங்கிவிடும் என்பதாலும், தூள் மண்ணோடு கலந்துவிடும் என்பதாலும் அடித்தளப் பகுதியில் அதை ஓட்டக் கூடாது. அது வீசும் துண்டுகள் 100 மீட்டர் தொலைவுக்குக்கூடத் தெறிக்கக்கூடும். அருகில் வீடுகள் இருந்தால் வேறு வழியைப் பாருங்கள். பாப்கேட் என்று அழைக்கப்படும் சிறிய லோடர், வெட்டியதை வாரிச் சேர்க்கவும் குறுகிய இடத்தில் மண் நிரவவும் உதவும். டிராக்டரில் மாட்டும் சுழல்வெட்டி, கட்டையும் பெரிய கல்லும் இல்லாத புல்வெளிக்கு மட்டுமே.

எந்திரத்தை உறுதி செய்வதற்கு முன் வாயிலின் அகலத்தையும், வழியில் தாழ்ந்திருக்கும் கிளை, கம்பி ஆகியவற்றின் உயரத்தையும் அளந்து கொள்ளுங்கள். வாய்க்கால்மேல் போட்ட பலகைக் கல்லோ சிறு பாலமோ இருந்தால் எந்திரத்தின் எடையை அது தாங்குமா என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். மண்ணைக் கையில் எடுத்து உருட்டிப் பாருங்கள். உருண்டை பிடித்துக் கையில் ஒட்டினால் இன்னும் சில நாள் காயவிட வேண்டும். ஈரக் களிமண்ணில் கனரக எந்திரம் ஓடினால் மண் குழம்பி, அடித்தளத்துக்கு வேண்டிய உறுதியை இழக்கும். சரிவான நிலத்தில் குறுக்காக ஓட்டினால் எந்திரம் கவிழும். மேலும் கீழுமாகவே ஓட்ட வேண்டும். இயக்குபவரைக் காக்கும் உறுதியான கூண்டு இல்லாத டிராக்டரையும் லோடரையும் சரிவில் அனுமதிக்கவே கூடாது.

வேரும் குழியும் மேல்மண்ணும்

வெட்டுவதோடு வேலை முடிந்துவிட்டதாக நினைக்கும் இடம் இதுதான். உண்மையில் கட்டடத்தின் ஆயுள் தொடங்கும் இடமும் இதுதான். மண்ணுக்குள் விடப்பட்ட கட்டையும் தடித்த வேரும் ஆண்டுகள் செல்லச் செல்ல மட்கிப் போகும். அவை இருந்த இடம் வெற்றிடமாகி, மேலிருக்கும் தளம் இறங்கும். மட்கும் காலம் முழுவதும் அவை கரையானுக்கு உணவாகவும் இருக்கும். கட்டையைத் தேய்த்துத் தூளாக்கும் எந்திரம் தரைக்குக் கீழே 15 முதல் 30 செ.மீ. வரைதான் செல்லும், பக்கவேர்களைத் தொடாது. தோட்டப் பகுதிக்கு அது போதும்; கட்டடத்தின் அடியில் போதாது.

மரத்தின் வேர்களில் பெரும்பகுதி மேல் ஒரு மீட்டர் மண்ணுக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் பக்கவாட்டில் கிளை விரிவையும் தாண்டிப் பரவியிருக்கும். எனவே கட்டையை எடுத்த பிறகும் தடித்த வேர்களைத் தொடர்ந்து சென்று, அடித்தளப் பகுதிக்குள் உள்ளவற்றை எல்லாம் எடுக்க வேண்டும். விரல் தடிமனுக்கு மேற்பட்ட வேர் எதையும் அங்கே விட்டுவைக்காதீர்கள்.

பிடுங்கிய குழியை அன்றே தள்ளி மூடிவிடும் பழக்கம் பல ஓட்டுநர்களிடம் உண்டு. அதைத் தடுக்க வேண்டும். முதலில் குழியின் இடத்தை அளந்து, கட்டட வரைபடத்தில் குறியுங்கள். சுவரோ தூணோ அதன்மேல் வருமென்றால், பொறியாளர் வந்து பார்க்கும் வரை திறந்தே இருக்கட்டும்; கலையாத மண் வரை அடித்தளத்தை இறக்கலாமா என்பதை அவர் முடிவு செய்வார். மற்றக் குழிகளைச் செடி வேர் கலக்காத நல்ல மண்ணால், 15 முதல் 20 செ.மீ. அடுக்குகளாக, சற்று ஈரப்படுத்தி, ஒவ்வோர் அடுக்கையும் மண் இறுக்கும் கை எந்திரத்தால் இறுக்கி நிரப்ப வேண்டும். ஒரே தடவையில் நிரப்பி மேலே எந்திரத்தை ஏற்றி இறக்கினால் மேல்பகுதி மட்டும்தான் இறுகும்.

கரிசல் போன்ற விரியும் களிமண்ணாக இருந்தால் இன்னொன்றையும் பொறியாளரிடம் சொல்ல வேண்டும். பெரிய மரம் பல ஆண்டுகளாக மண்ணிலிருந்து நீரை உறிஞ்சி அதை உலர வைத்திருக்கும். மரத்தை அகற்றிய பின் அந்த மண் மெல்ல மெல்ல நீரை மீண்டும் ஏற்று விரிவடையும். இது ஒரு பருவத்தில் முடிவதில்லை, ஆண்டுக்கணக்கில் நீளக்கூடும். அந்த விரிவு அடித்தளத்தையே தூக்கிச் சுவரில் வெடிப்பை உண்டாக்கும். எந்த இடத்தில் என்ன அளவுள்ள மரம் நின்றது என்ற குறிப்பு இல்லாவிட்டால் பொறியாளரால் இதை ஊகிக்க முடியாது. ஆகையால், வெட்டுவதற்கு முன்பே ஒவ்வொரு பெரிய மரத்தின் இடத்தையும் சுற்றளவையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மேல்மண்ணை எடுப்பதே கடைசி வேலை. இலைமட்கும் நுண்வேரும் கலந்த, கருமை நிறம் கொண்ட மேல் அடுக்கு பொதுவாக 15 முதல் 30 செ.மீ. இருக்கும். அது எடையைத் தாங்காது, அமுங்கும். அடித்தளப் பகுதியிலிருந்து அதைச் சீவி எடுத்து, 2 மீட்டருக்கு மேல் உயராத குவியலாக நிலத்தின் ஓரத்தில் வையுங்கள். தோட்டம் போடும் நாளில் அதைவிட நல்ல மண்ணை விலைக்கு வாங்க முடியாது.

வெட்டியதை என்ன செய்வது

எந்திரத்தைத் தேர்வு செய்யும்போதே இதற்கும் விடை வேண்டும். இல்லாவிட்டால் சுத்தமான நிலத்தின் நடுவில் ஆளுயர முட்குவியல் ஒன்று மாதக்கணக்கில் நிற்கும். தடித்த தண்டுகளை நீளவாக்கில் அடுக்கி விறகாகவோ மரமாகவோ கொடுத்துவிடலாம். கிளைகளைச் சிப்பர் எந்திரத்தில் கொடுத்துத் தூளாக்கினால் கன அளவு வெகுவாகக் குறையும். அந்தத் தூளைத் தோட்டப் பகுதியில் பரப்பலாம், ஆனால் கட்டடச் சுவரை ஒட்டிப் போடக் கூடாது. எரிப்பது பல இடங்களில் தடைசெய்யப்பட்டது அல்லது அனுமதிக்கு உட்பட்டது. அரளி போன்ற நச்சுச் செடிகளின் புகையே தீங்கானது. குழி தோண்டிப் புதைக்கலாம் என்று யாரேனும் யோசனை சொன்னால், கட்டடம், வழி, கழிவுநீர்த் தொட்டி ஆகிய எதன் அருகிலும் அதற்கு இடம் கொடுக்காதீர்கள்.

வாடகையும் ஓட்டுநரும்

கனரக எந்திரத்தை ஓட்டுநரோடு சேர்த்தே வாடகைக்கு எடுங்கள். கட்டணம் மணிக்கணக்கிலா, நாள் கணக்கிலா, குறைந்தபட்ச மணி நேரம் எவ்வளவு, எந்திரத்தைக் கொண்டுவந்து திரும்ப எடுத்துச் செல்லும் செலவு யாருடையது, எரிபொருள் அதில் அடங்குமா, எந்திரம் பழுதாகி நிற்கும் நேரம் கணக்கில் சேருமா என்பவற்றை எழுதி வாங்க வேண்டும். வேலை தொடங்கும்போதும் முடியும்போதும் எந்திரம் இயங்கிய நேரத்தைக் காட்டும் மணி அளவியைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். எந்திரம் வருவதற்குள் பிரஷ் கட்டராலும் கைக்கருவியாலும் மெல்லிய புதரை அகற்றி, கட்டைகள் தெரியும்படி செய்துவைத்தால், வாடகை மணிகள் வேர் எடுக்கும் வேலைக்கே செலவாகும்.

ஓட்டுநர் வந்ததும் அவரோடு நிலம் முழுவதையும் ஒருமுறை நடந்து, எல்லைக்கற்கள், குழாய்த் தடங்கள், காக்க வேண்டிய மரங்கள், மூன்று பகுதிகளின் எல்லை ஆகியவற்றை நேரில் காட்டுங்கள். எந்திரம் இயங்கும்போது அவருக்குச் சைகை காட்ட ஒரே ஒருவர் மட்டும் இருக்க வேண்டும். அவரும் எந்திரத்தின் கை சுழலும் வட்டத்துக்கு வெளியே, ஓட்டுநரின் பார்வையில் படும் இடத்தில் நிற்க வேண்டும்.

வெட்டிய பின்

கட்டட வேலை தொடங்க நெடுநாள் இருக்கும்போதே முழு நிலத்தையும் வெட்டிப் போடாதீர்கள். மூடியிருந்த பசுமை அகன்ற சரிவில் முதல் பெருமழையே மண்ணை அடித்துச் சென்றுவிடும். சரிவின் கீழ்ப்புறம் வெட்டிய கிளைகளை வரிசையாகக் கிடத்தினால் அரித்து வரும் மண் அங்கே தங்கும். மழைக்குப் பின் இரண்டு அல்லது மூன்று வாரங்கள் கழித்து நிலத்தைச் சுற்றி வந்து, துளிர்க்கும் இடங்களைப் பாருங்கள். சீமைக்கருவேலத்தின் துளிர்மொட்டுகள் தரைக்குக் கீழேயும் இருப்பதால், சுமார் 30 செ.மீ. ஆழத்துக்குத் தோண்டி அடிக்கட்டையின் அந்தப் பகுதியை முழுவதும் எடுத்தால்தான் அது அடங்கும். உண்ணிச்செடியும் அடித்தூரிலிருந்து அப்படியே கிளைக்கும். துளிர் விரல் நீளத்தில் இருக்கும்போது கடப்பாரையும் மண்வெட்டியுமாக ஒருவர் ஒரு காலை நேரத்தில் முடித்துவிடக்கூடிய வேலை அது. அடித்தளம் தோண்டுபவர்கள் வருவதற்கு முன் அதை முடித்துவிடுங்கள்.